கிளவுடுக்குப் பொட்டு வைத்த ‘தானா’

சோம்பேறியாக இருப்பதற்காக இவ்வளவு உழைத்த ஆளைக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை அவனுக்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. பெற்றவர்கள் அவனுக்கு ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். எங்களுக்கு அவன் ‘தானா’. எதைக் கேட்டாலும், “தானா நடக்கும்ணே” என்பான்.

எங்கள் ஆபீசில் இரும்பு ஆலைகளுக்குப் பாதுகாப்பு வீடியோ எடுத்துக் கொடுக்கிறோம். ஹெல்மெட் போடு, கிரேனுக்குக் கீழே நிற்காதே என்று கேமராவைப் பார்த்து மிரட்டும் ஆள் நான்தான். எடுத்ததெல்லாம் கிளவுடில், அதாவது எங்கோ இருக்கும் யாருடைய கம்ப்யூட்டரிலோ கிடக்கும். அதைச் செல்போனுக்கு ஒரு அளவு, டிவிக்கு ஒரு அளவு என்று மாற்றி, அடியில் தமிழும் தெலுங்கும் இந்தியும் ஓடவிட்டு ஆலைகளுக்கு அனுப்புவது தானாவின் வேலை. ஆனால் நான் பார்த்து ‘சரி’ போட்ட பிறகுதான் எதுவும் வெளியே போகவேண்டும்.

மற்றவர்கள் மவுசைப் பிடித்துப் பத்து நிமிடத்தில் முடிப்பதற்கு இவன் இரண்டு நாள் பைத்தானில் ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டரே அதைச் செய்துகொள்வதற்கான கட்டளை வரிகள், எழுதுவான். ஒருமுறை ஒரே ஒரு வீடியோவின் பெயரை மாற்றச் சொன்னேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் எண்பது வரி எழுதி வைத்திருக்கிறான்.

“ஒரு பேரு மாத்த இன்னாத்துக்குடா இவ்ளோ பேஜாரு?”

“நாளிக்கு ஆயிரம் பேரு மாத்தணும்னா இன்னா பண்ணுவீங்க?”

“எவன்டா மாத்தச் சொன்னான்?”

“சொன்னா தானா நடக்கும்ணே.”

தானாக நடக்கும் என்றால் எழுந்து போகவேண்டியதுதானே? மாட்டான். தினமும் ஆறு மணிக்கு ஸ்கிரிப்ட் தானாக ஓடத் தொடங்கும்; இவன் அடுப்பில் பால் வைத்தவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்திருப்பான். ஓடி முடிந்ததும் அடுத்த மேசையில் இருக்கும் எனக்கு ஒரு மெயில் வரும்: ‘முடிஞ்சிச்சிண்ணே. ஊட்டுக்குப் போங்க.’ வாயால் சொன்னால் எனக்குக் கேட்காதா? அதையும் ஸ்கிரிப்ட்தான் அனுப்பவேண்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆயுத பூஜை வந்தது. கேமரா, விளக்கு, வாசலில் நின்ற என் பைக் என எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். தானா மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றான்.

“நம்ம மிஷினுக்கு யாரும் பொட்டு வெக்கலியேண்ணே.”

“கம்ப்யூட்டருக்குத்தான் வெச்சாச்சேடா.”

“இது சும்மா டப்பாண்ணே. வேலை செஞ்சிக்கினு இருக்கறது கிளவுடு. அதுக்கு வெக்க வாணாமா?”

எல்லா வீடியோவின் தொடக்கத்திலும் ஒரு சந்தனப் பொட்டு மூன்று வினாடி தெரிந்து மறையுமாம். ஸ்கிரிப்டும் தயாராம். அறிவுள்ளவன் அங்கேயே தடுத்திருப்பான். நான் பொரியை மென்றுகொண்டே, “வெச்சிக்கோ” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் முந்நூறு வீடியோ என் ‘சரி’க்காக வந்து நின்றன. “பாத்துட்டுப் போடுங்கண்ணே” என்றான். பூஜையன்று எவன் உட்கார்ந்து முந்நூறு வீடியோ பார்ப்பான்? மொத்தத்துக்கும் ஒரே அழுத்தாக ‘சரி’ போட்டுவிட்டுச் சுண்டல் வாங்கப் போனேன்.

பெயர் மாற்ற எண்பது வரி எழுதுகிற மகானுபாவன், பொட்டு மறையவேண்டும் என்ற ஒரு வரியை எழுத மறந்திருந்தான். விடுமுறை முடிந்த காலையில், ஒரு ஆலையில் புது ஆட்களை உட்காரவைத்து வீடியோவைப் போட்டிருக்கிறார்கள். தட்டு அளவு சந்தனப் பொட்டு, சரியாக என் மூக்கின்மேல். பதினோரு நிமிடமும் அது நகரவில்லை. ‘உயிர் முக்கியம்’ என்று நான் மிரட்ட மிரட்ட, கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாம்.

ஆலை மேனேஜர் போனில் கத்திய கத்தலில் எங்கள் முதலாளி நேராக என் மேசைக்கு வந்தார்.

“பாத்துட்டுத்தான சரி போட்ட?”

பார்த்தேன் என்றால் முட்டாள். பார்க்கவில்லை என்றால் வேலை காலி. எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மணவாள நகரில் மாமனார் வீட்டு வாசலில் வேலையில்லாமல் போய் நிற்பது கண்முன் வந்தது.

“அண்ணனுக்கு நான் அனுப்பவே இல்ல சார்,” என்றான் தானா. “சரியையும் ஸ்கிரிப்டே போட்ருச்சி. தானா நடந்துச்சி.”

ஸ்கிரிப்ட் எழுதாமல் அவன் செய்த ஒரே காரியம் அந்தப் பொய்தான்.

அன்று மாலைக்குள் ஹார்டு டிஸ்கில் இருந்த பழைய பிரதிகளை ஏற்றி, முந்நூறையும் சரிசெய்தான். பிறகு முதலாளி அவனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார். பையை மாட்டிக்கொண்டு மீஞ்சூருக்கு ரயிலேறப் போய்விட்டான். இவ்வளவு நேரம் அவனை இளக்காரமாகப் பேசிய இந்த வாய் அன்றைக்குத் திறக்கவே இல்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

இப்போது ஆபீசில் வேறு ஏற்பாடு வந்துவிட்டது. தானாவின் ஸ்கிரிப்டை நிறுத்தும்படி முதலாளி என்னிடம் இரண்டு முறை சொல்லிவிட்டார். அதற்கு இப்போது ஒரு வீடியோகூட வருவதில்லை. ஆனாலும் ஆறு மணிக்கு ஓடுகிறது. வேலை எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு எனக்கு மெயில் அனுப்புகிறது. அதுவரை நானும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

‘முடிஞ்சிச்சிண்ணே. ஊட்டுக்குப் போங்க.’

அவன் சொன்ன பிறகுதான் எழுந்திருக்கிறேன்.