இடது பக்கம் சாயுற கேரவன்

சித்திரை வருஷப் பிறப்பு லீவுல பொத்துவில் போய்க் கடலைப் பார்த்தே தீருறதுன்னு நான் முடிவு பண்ணினேன். அதுவும் தனியா. அந்த ஒரு வார்த்தையை வீட்டுல சொல்றதுக்குத்தான் தைரியம் வரல.

நான் நமுனுகுல மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கணக்கப்பிள்ளை. கொழுந்து நிறுக்கிறது என் வேலை. சாக்கைத் தராசுல மாட்டி, முள்ளைப் பார்த்து, சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவுன்னு கழிச்சுட்டு மிச்சத்தைச் சொல்லுவேன். வெயில் காயுற நாள்லயும் ஈரம் கழிப்பேன். காலையில பனி இருந்திருக்கும்ல. பனி இல்லாட்டி எடுத்தவங்க வேர்வையாவது இருக்கும்ல. என் பொண்டாட்டி துஷாந்தினிகிட்ட நான் முதமுதல்ல பேசினதே "ஈரம், ரெண்டு கிலோ கழிவு"ங்கிறதுதான். அவ அப்போ என்னை ஒரு பார்வை பார்த்தா. அதைக் காதல்னு நம்பிக் கல்யாணம் கட்டிக்கிட்டேன். இப்பவும் அவ கொழுந்து எடுக்கத்தான் போறா. இப்பவும் நான் கழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். பொண்டாட்டிங்கிறதுக்காகத் தராசு முள் சாயலாமா?

கேரவன், எல்லங்கிற ஊர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி விட்டுட்டுப் போனது. பதுளையில கராஜ் வச்சிருக்கிற ஸஹாப்தீன் நானா மூலமா என் கைக்கு வந்துச்சு. கோழிக்கூட்டை விடக் கொஞ்சம் பெருசு. உருள்றதுக்கு ரெண்டு சில்லு, ஒரு கதவு, ஒரு கட்டில், பூப்போட்ட திரை தொங்குற ஒரு ஜன்னல். வேன் பின்னாடி மாட்டி இழுத்துக்கிட்டுப் போனா, நின்ன இடம் வீடு. நானாவோட வேனை லீவுக்குக் கேட்டு வச்சிருந்தேன்.

வீட்டுக்குப் பக்கத்துல சவுக்கு மரத்தடியில நிறுத்தி, உள்ள போய்ப் படுத்தேன். மத்தியானம் மலையிலிருந்து மூடுபனி இறங்கிச்சு. ஜன்னல்ல தேயிலைச் செடி மறைஞ்சுது, லயத்து வீட்டு வரிசை மறைஞ்சுது, எங்க வீட்டுக் கூரையும் மறைஞ்சுது. வெறும் வெள்ளை. அதுல கேரவன் மெதுவா மிதக்கிற மாதிரி இருந்துச்சு. சவுக்கு இலையில காத்து அடிக்கிறது எனக்கு அலைச் சத்தமாக் கேட்டுச்சு. நான் கடலைப் பார்த்ததே இல்ல. ஆனா அந்தக் கட்டில்ல படுத்தா, பொத்துவில் கரை என் காலடிக்கே வந்து நனைச்சுட்டுப் போகும். ஒரு தடவை நிசமாவே கால் நனைஞ்சிருந்துச்சு. கூரை ஒழுகியிருக்கு.

துஷாந்தினி கேரவனை ஒரு சுத்து சுத்தி வந்தா. குனிஞ்சு பார்த்தா. சில்லைப் பிடிச்சு ஆட்டினா.

"ஏங்க, இது ஆடுது. ஸ்பிரிங் பட்டை துருவேறிக் கிடக்கு. பசறை மலை ரோட்டு வளைவுல இது தாங்குமா?"

வண்டியைப் பத்தி உனக்கென்ன தெரியும்னு சிரிச்சேன். அடுத்து அவ, தானும் வரலாமான்னு கேட்டா. கட்டில் ஒத்த ஆளுக்குத்தான் காணும்னு சொன்னேன். கல்யாணத்தப்போ கடலைக் காட்டுறதாச் சொன்னீங்களேன்னா. அடுத்த தடவைன்னேன். அவளும் கடலைப் பார்த்தது கிடையாது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன், வெக்கமில்லாம.

"சரிங்க" அப்படின்னா.

துஷாந்தினி சரிங்கன்னு சொன்னப்பவே நான் பயந்திருக்கணும்.

மறுநாள் காலையில கேரவன் இடது பக்கம் சாய்ஞ்சு நின்னுச்சு. வலது பக்கம் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல என் கை முழுசா நுழையுது. இடது பக்கம் ரெண்டு விரல் நுழையவே கஷ்டம். மூலையை அமுக்கி விட்டேன். கிழட்டுக் கட்டில் மாதிரி முனகிக்கிட்டே ஆடிச்சு. எனக்குக் கவலையை விட உற்சாகம்தான் வந்துச்சு. ஆம்பளைக்கு ஒரு நோயாளி கிடைச்சா டாக்டராயிடுறான் பாருங்க.

ஸஹாப்தீன் நானா வேனோட வந்தார். அடியில படுத்துப் பார்த்துட்டு, ஸ்பிரிங் களைச்சுப் போயிருக்கலாம், இல்லாட்டிப் பாரம் ஒரு பக்கமா இருக்கலாம், முதல்ல நிறுத்துப் பாருங்கன்னார். நிறுக்கிறதா? யார்கிட்ட சொல்றார்? பேக்டரிக்கு இழுத்துட்டுப் போய், தேயிலை மூட்டை நிறுக்கிற மேடைத் தராசுல ஒரு சில்லை ஏத்தினோம். அப்புறம் மத்த சில்லை. இடது பக்கம் நல்லாவே கூடுதலாக் காட்டிச்சு.

நான் யோசிச்சேன். இடது பக்கம்தான் சவுக்கு மரத்தடி. இத்தனை நாளாப் பனி சொட்டுது. பலகையெல்லாம் ஊறியிருக்கும். கை தானா வேலை செஞ்சுது.

"ஈரத்துக்குக் கழிச்சா ரெண்டு பக்கமும் சமம், நானா."

"கேரவனுக்குமா ஈரம் கழிக்கிறது?"

"ஒரு சாக்குக் கொழுந்துக்கே கழிக்கிறோம். இது வீடு அளவு சாக்கு. நிறுக்கிற வேலை எனக்கு, முறுக்கிற வேலை உங்களுக்கு."

அவர் ஸ்பேனரை எடுத்தார். பாரம் சமம்னா கோளாறு ஸ்பிரிங்லதான். கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டி இருந்துச்சு. அதுல கம்பளியெல்லாம் மடிச்சு அடுக்கியிருக்கேன், கலைச்சுப் போடாதீங்கன்னு துஷாந்தினி சொல்லியிருந்தா. நான் தொடல. வீட்டுல சொல்றதைக் கேக்குற ஆம்பளை நான்.

இடது ஸ்பிரிங்கைப் புதுசாப் போட்டோம். கொஞ்சம் நிமிர்ந்துச்சு, ஆனாலும் சாய்வு போகல. ஸ்பிரிங் முனையில இருக்கிற புஷ் தேஞ்சிருக்குன்னு அதையும் மாத்தினோம். சாய்ஞ்சுது. ஆக்சிலைக் கழட்டி நேராக்கினோம். சாய்ஞ்சுது. பேரிங் மாத்தி, கூரை ஓட்டையையும் அடைச்சேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லதான். ஆத்திரத்துல அடைச்சேன்.

ஒவ்வொரு தடவையும் துஷாந்தினி பால் ஊத்தாத பிளேன்டி கொண்டு வந்து பக்கத்துல நின்னு பார்ப்பா. அவ முகத்துல அப்படி ஒரு அனுதாபம். வலது ஸ்பிரிங் பழசு, இடது புதுசு, அதனாலதான் ஒத்துப் போகலையோன்னு ஒரு நாள் மெதுவாக் கேட்டா. நல்ல யோசனைதான். நானே யோசிச்ச மாதிரி நானாகிட்ட சொன்னேன். இன்னொரு நாள், டயரும் வழுக்கையா இருக்கேன்னா. அதையும் மாத்தினேன். கடைசியில அந்தக் கேரவன்ல பழசுன்னு இருந்தது ஜன்னல் திரையும் நானும்தான்.

லீவு பிறந்த காலையில எழும்பி வந்து பார்க்கிறேன், கேரவன் நேரா நிக்குது. ரசமட்டம் வச்சுப் பார்த்தேன். குமிழி நட்ட நடுவுல. கண்ணுல தண்ணி வந்துடுச்சுங்க. மூடுபனியில அது புறப்படத் தயாரா நிக்கிற படகு மாதிரி இருந்துச்சு.

"டயர்தான் புள்ள கோளாறு. நான்தான் கண்டுபிடிச்சேன்."

"உங்களாலதான் முடியும்" அப்படின்னா. நானாவோட சம்சாரம் மர்லியா வேனைக் கொண்டு வந்து விடுவா, அதுக்குள்ள கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணித் திருநீறு வாங்கிட்டு வாங்க, நான் இட்லி கட்டி வைக்கிறேன்னு அனுப்பினா. பெரிய வழிப் பயணம், சாமி கும்பிடாமப் போகலாமா? போனேன். ஐயரும் அன்னைக்குன்னு பார்த்து மந்திரத்தை நிறுத்தி நிதானமாச் சொன்னார்.

திருநீறோட திரும்பி வந்தா, கேரவனைக் காணோம்.

பாதையில நசுங்கின எலுமிச்சம்பழம் ரெண்டு கிடந்துச்சு. சில்லுக்கு வச்சு முறையாத்தான் ஏத்திப் போயிருக்கா. கேரவன் நின்ன இடத்துல, சவுக்கு மரத்தடியில, எங்க வீட்டு அம்மி. பக்கத்துல ஆட்டுக்கல். மிக்சி வாங்கினதிலிருந்து வீட்டுப் பின்னாடி கிடந்த ரெண்டும். கழுவிச் சுத்தமா வச்சிருந்துச்சு. அதுமேல இட்லிப் பொட்டலம்.

நான் ஆட்டுக்கல்லுமேலயே உக்காந்துட்டேன். கம்பளிப் பெட்டியில என்ன இருந்துச்சுன்னு அப்பத்தான் விளங்கிச்சு.

கொஞ்ச நேரத்துல ஸஹாப்தீன் நானா பஸ்ல வந்து இறங்கினார். மர்லியா வேனை விட்டுட்டு இன்னும் வீடு திரும்பலையேன்னு தேடி வந்திருக்கார். நான் அம்மியைக் காட்டினேன். அவருக்கும் விளங்கிச்சு. அம்மிமேல உக்காந்து ஒரு இட்லியை எடுத்தார்.

சாயங்காலம் போன் வந்துச்சு. பின்னாடி ஒரு பெரிய சத்தம், மூச்சு விடுற மாதிரி, வந்து வந்து போச்சு. சவுக்கு மரம் இல்ல அது.

"ஏன் புள்ள இப்படிப் பண்ணினே?"

"ஸ்பிரிங்கை மாத்துங்கன்னு சொன்னா மாத்தியிருப்பீங்களா? அடுப்படிக் குழாய் இன்னும் ஒழுகிட்டுத்தானே இருக்கு. மர்லியா ஓட்ட, வளைவெல்லாம் சொகமா வந்துச்சுங்க. நல்லாச் செஞ்சிருக்கீங்க."

தராசுல ஏத்தினப்போவே மாட்டியிருப்பியேன்னு கேட்டேன்.

"மர்லியாவும் அதுக்குத்தான் பயந்தா. எங்க வீட்டுக்காரர் கழிச்சுடுவாருன்னு சொன்னேன்."

நானா என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார். மலையில மூடுபனி இறங்க ஆரம்பிச்சுது. போனைக் காதோட அமுக்கி வச்சுக்கிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டேன். கோபம் வரல. ஆசைதான் வந்துச்சு.

"துஷாந்தினி, கடல் எப்படி இருக்கு?"

"ரொம்பப் பெருசுங்க. நீங்க ஈரத்துக்குக் கழிச்சாலும் நிறைய மிஞ்சும்."