மீசையில் பார்த்த பதம்

பாளையங்கோட்டை,
விரோதிகிருது வருஷம், ஆவணி 9.

சிவசைலத்தில் இருக்கும் என் தகப்பனார் நமச்சிவாயம் பிள்ளையவர்கள் திருவடிகளுக்கு, குமாரன் சிவசண்முகம் சாஷ்டாங்கமாய் விழுந்து எழுதிக்கொண்ட விண்ணப்பம். இவ்விடம் நான், தங்கள் மருமகள் சொர்ணாம்பாள், ஞானம்பாள் யாவரும் க்ஷேமம். தாங்களும் க்ஷேமம் என்பதை நாங்கள் அறிவோம். இந்த ஊரில் வேறு ஒருவரும் அறியார். அதற்குக் காரணம் நான்தான் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தங்கள் பேத்தி ஞானம்பாளுக்கு இம்மாதம் இருபத்தைந்தாம் தேதி நிச்சயதாம்பூலம். ஸ்ரீவைகுண்டத்துச் சம்பந்தி எதிரில் முகம் பளிச்சென்று இருக்கவேண்டுமே, நாவிதர் பிச்சைக்கண்ணு வரும் முறைநாளுக்குக் காத்திராமல் நாமே மழித்துக்கொள்வோமே என்று ஒரு சீமைச் சவரக்கத்தி வாங்கினேன். புத்தி கெட்டவன். கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தேன், கடித்தது. கை ரோமத்தில் வைத்தேன், பொலபொலவென்று உதிர்ந்தது. சொர்ணாம்பாள் தலையில் ஒரு முடியைக் கேட்காமல் பிடுங்கித் தொங்கவிட்டுத் தொட்டேன், இரண்டாயிற்று. நல்ல பதம் என்று தாடையில் வைத்தால், வேலிமுள்ளை வேரோடு பிடுங்குகிறாற்போல் இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. சாணை பிடிக்கும் காஜா முகைதீனிடம் கொண்டுபோனேன். “கையில உள்ளது பூனைமுடிலா அண்ணாச்சி! அதை மொண்ணைக் கத்தியும் எடுக்கும். மொகத்துல வச்சு இழுத்துப் பாக்கணும். கத்தி இருக்கதே தெரியலைன்னா அதுதான் பதம்” என்று சொல்லி, கல்லிலும் தோல்வாரிலும் தீட்டிக் கொடுத்தார்.

முகத்தில் முரட்டு முடி எது? மீசை. அங்கே வலிக்காவிட்டால் வேறெங்கும் வலிக்காது என்று நினைத்து, மறுநாள் காலை இடது ஓரத்தில் நூலளவு மட்டும் பார்ப்போம் என்று இழுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. கத்தி படவில்லையோ என்று மறுபடி இழுத்தேன். அப்போதும் தெரியவில்லை. சோப்பு நுரையைத் துடைத்துக் கண்ணாடியைப் பார்த்தால் இடது மீசையைக் காணோம். கத்தியின்மேல் குற்றமில்லை அப்பா, அவ்வளவு சுகமான கத்தி. பாதி மீசையோடு தாலுகா கச்சேரிக்கு வேலைக்குப் போக முடியுமா? மீதியையும் எடுத்துவிட்டேன்.

நம்மவர்களில் தகப்பனைப் பறிகொடுத்தவன் அல்லவா மீசையை எடுப்பான்! அது நினைவு வந்தபோது நான் தெருவில் நாலு வீடு தாண்டியிருந்தேன். எதிர்வீட்டு அம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மத்தியானம் பிச்சைக்கண்ணு ஓடிவந்து, “பெரியய்யா போயிட்டாகளாமே! எனக்கு ஒரு சொல் சொல்லாம வேற ஆள வச்சு எடுத்துட்டியளே, நான் என்னய்யா குத்தஞ் செஞ்சேன்?” என்று விம்மினார். மூன்றாம் நாள் சம்பந்தியே வண்டி கட்டி வந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளதைச் சொல்ல வாயெடுத்தேன். ஒரு சவரம் செய்யத் தெரியாதவன் வீட்டிலா பெண்ணெடுக்கிறோம் என்று நினைப்பாரோ என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். வெட்கத்தில் அழுதுவிட்டேன். அவரும் அழுதார். “துக்க வீட்டுல நிச்சயம் எப்படி வே வைக்கது? வருசம் கழியட்டும்” என்று சொல்லிப் போய்விட்டார். ஞானம்பாள் இரண்டு நாளாய்ச் சாப்பிடவில்லை. சொர்ணாம்பாள், “மாமா காதுல விழுந்தா என்ன நினைப்பாக? எழுதிப் போடுங்க முதல்ல” என்று காகிதத்தை என் முன்னால் எறிந்தாள்.

ஆகையால் இக்கடிதம் கண்டவுடன் தாங்கள் புறப்பட்டு வந்து, பாளையங்கோட்டைக் கடைத்தெருவில் நாலு பேர் பார்க்க நடந்து, பிறகு ஸ்ரீவைகுண்டத்துக்கும் வந்து சம்பந்தி வீட்டில் ஒருவேளை சாப்பிடவேண்டும். என்னை அடிப்பதானால் வீட்டுக்குள் வைத்து அடிக்கவும். அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டவேண்டாம். அவர்களுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் ஆசீர்வாதம் கேட்கவும் வாயில்லாத குமாரன்,
சிவசண்முகம்

பி.கு.: உறையை ஒட்டும் சமயம் சம்பந்தி வீட்டு ஆள் வந்தார். பேத்தியின் கன்னிகாதானம் வருஷத்துக்குள் நடந்தால் பெரியவர் ஆத்மா குளிரும் என்று அங்கே குருக்கள் சொன்னாராம். பதினாறு கழிந்ததும், நிச்சயத்தோடு நில்லாமல் ஐப்பசியில் கல்யாணத்தையே முடித்துவிடலாமாம். ஞானம்பாள் இப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தாள். எழுதவே கை கூசுகிறது அப்பா, தாங்கள் தயவுசெய்து அதுவரை சிவசைலத்தைவிட்டு நகரவேண்டாம். தாலி ஏறிய மறுநாள், தாங்கள் உயிரோடு இருப்பதை நானே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.