பன்னிரண்டு ராசிக்குப் பன்னிரண்டு ஹெட்போன்

1989 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. காலை பத்து மணிக்குப் பிரிக்பீல்ட்ஸில் ‘நாதஜோதி ஆடியோ’ என்ற கடைக்கு முன்னால் முப்பத்தொரு பேர் வரிசையில் நின்றார்கள். கடை பதினொன்றுக்குத் திறக்கும்.

கிள்ளானிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள் அதில் இருந்தார்கள். பங்சாரிலிருந்து காரில் வந்து, காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, தெரிந்தவர் கண்ணில் படாமல் நின்ற ஒரு வக்கீலும் இருந்தார். எல்லார் கையிலும் இரண்டு பொருள்கள்: அடையாள அட்டை, எலுமிச்சம்பழம். பாட்டு கேசட் ஒருவர் கையிலும் இல்லை. ஹெட்போன் வாங்குகிறவருக்குப் பாட்டு எதற்கு?

கடைக்காரர் நாதயோகி வாசு. போன வருஷம்வரை செராஸில் வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்ற வாசு. ஞானம் எந்தக் குழாய் வழியாக வந்தது என்று தெரியவில்லை. இப்போது காவி ஜிப்பா. கழுத்தில் உருத்திராட்சம் தொங்கவேண்டிய இடத்தில் ஹெட்போன்.

யோகியின் தத்துவம் எளிமையானது. உங்களுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்பது முக்கியமில்லை. உங்கள் ராசிக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்பதே கேள்வி. மேஷம் என்றால் தவில், நாதஸ்வரம். அதற்கு மூடிய ஹெட்போன். கடகம் என்றால் சோகப்பாட்டு. அதற்குத் திறந்த ஹெட்போன், கண்ணீர் காற்றில் உலரவேண்டும் அல்லவா? இப்படிப் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் மஞ்சள் கயிறும் ராசிப் படமும். விலை நானூற்றைம்பது ரிங்கிட். நாற்பத்தெட்டு நாள் தொடர்ந்து ஓடவிட்டால்தான் ஒலி ‘திறக்கும்’. அதற்குள் திருப்பித் தந்தால் கிரக தோஷம். திருப்பி வாங்காமலிருக்க வாரண்டி அட்டையைவிடக் கிரகம் வசதி.

வரிசையில் ஏழாவது ஆள் பக்கிரிசாமி, ரயில்வே பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய பாட்டென்றால் உயிர். நான்கு மாதமாக அவருக்கு இடது காது மந்தம். மே மாதம் சாலையைக் கடக்கும்போது இடது பக்கம் ஹாரன் அடித்துக்கொண்டு வந்த மினி பஸ் அவர் சட்டையை உரசிக்கொண்டு போனது. ஹாரன் அவருக்குக் கேட்கவில்லை. மருத்துவமனை காதுப் பிரிவில் இரண்டு முறை தேதி கொடுத்தார்கள். இரண்டு முறையும் போகவில்லை. “இடது காதில் சனி. நாற்பத்தெட்டு நாளைக்கு இரும்பு படக்கூடாது” என்று யோகி சொல்லிவிட்டார். டாக்டரின் கருவி இரும்பு. ஹெட்போனுக்குள் இருக்கும் காந்தம் மட்டும் சாமிப் பிரசாதம்.

மூன்றாவது தேதி வரும் செவ்வாய்க்கிழமை. பக்கிரிசாமி இந்தச் சனிக்கிழமை கடைக்கு வந்தது ஏற்கெனவே வாங்கிய ஹெட்போனுக்கு இரண்டாவது மண்டலப் பூஜை போட. அவர் மனைவி வீரம்மா வந்தது அவரை இழுத்துக்கொண்டு போக. தனியாக முடியாது என்று பக்கத்து வீட்டு இராஜம்மாவையும் கூட்டி வந்திருந்தார். இராஜம்மா சுங்கைவேயில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருஷமாக ஹெட்போன் சோதித்து அனுப்புகிறவர்.

கடை திறந்தது. சாம்பிராணி. மணி. பக்கிரிசாமியின் முறை வந்தது.

“வாங்க அண்ணே. காது எப்படி?”

“ரொம்ப நல்லா கேக்குது சாமி! இதை மாட்டினா இடது பக்கம் கணீர்னு இருக்கு. கழட்டினாத்தான் மறுபடி மந்தம்.”

“அப்ப கழட்டாதீங்க” என்றார் யோகி. கூட்டம் தலையாட்டியது.

“தூங்கும்போது கூடவா?” என்றார் வீரம்மா. “ரோட்டுல போறப்போ கூடவா? பஸ்காரன் கிட்டயும் சாமிதான் வந்து சொல்லுவாரா?”

“அக்கா, அவர் ஜாதகம் அப்படி. ஐசி அட்டையில உள்ள தேதியை வச்சுப் பார்த்தேன். சுத்தமான கும்பம்.”

“அந்தத் தேதி கணக்கெழுதுற கிராணி போட்டது லா! கிள்ளான் மேரு பக்கத்து ரப்பர் தோட்டத்துல, அந்த மாசம் பொறந்த ஏழு பிள்ளைக்கும் சம்பள நாளையே பொறந்த நாளா எழுதி விட்டுட்டாரு. ஏழு பேருக்கும் ஒரே ஐசி தேதி. அதுல ஒருத்தர் போலீஸ். அவர் புடிச்சு உள்ள போட்டது அதே தேதிக்காரர் இன்னொருத்தரைத்தான்.”

வரிசையில் சிலர் தங்கள் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். தோட்டத்தில் பிறந்தவர்கள்.

யோகி அசரவில்லை. “அரசாங்கம் ஏத்துக்கிட்ட தேதியைக் கிரகமும் ஏத்துக்கும்” என்றார். பதிவிலாகா வானத்திலும் கிளை திறந்திருப்பது அன்றுதான் தெரிந்தது. “என் காது பொய் சொல்லாது. கண்ணைக் கட்டினாலும் பன்னிரண்டு ஹெட்போனையும் ஒலியை வச்சே ராசி சொல்லுவேன்.”

“சொல்லுங்களேன் boss” என்றார் இராஜம்மா.

யோகி சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. முப்பது பேர் முன்னால் சொன்னதை எப்படி விழுங்குவது? வீரம்மாவின் துண்டு யோகியின் கண்ணைச் சுற்றியது. இரண்டு முடிச்சு.

இராஜம்மா அலமாரியிலிருந்து சிம்மத்தை எடுத்தார். கூட்டத்திடம் படத்தைக் காட்டினார். உதட்டில் விரல் வைத்தார். யோகியின் தலையில் மாட்டினார். பாட்டு ஓடியது.

“ரிஷபம். பேஸ்ல மண் வாசனை.”

கழற்றி, அதே சிம்மத்தை மறுபடி மாட்டினார்.

“ஆ... மீனம்! ஒலி தண்ணி மாதிரி தளும்புது.”

மறுபடி அதே சிம்மம்.

“இதுல சந்தேகமே இல்லை. சிம்மம். கர்ஜனை!”

துண்டை அவிழ்த்தபோது யோகி சிரித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் முதலில் சிரித்தது வக்கீல். பிறகு கிள்ளான்காரர்கள்.

“மூணாவது சரியாத்தானே சொன்னாரு!” என்றார் பின்னாலிருந்து ஒரு பக்தர். இப்படி ஒருவர் இல்லாத கூட்டத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

பக்கிரிசாமி சிரிக்கவில்லை. “அதெல்லாம் சரி. எனக்குக் கேக்குதே! அதுக்கு என்ன சொல்றே, இராஜம்மா?”

“கழட்டுங்க அண்ணே. இப்ப திருப்பி மாட்டுங்க. இடது பக்கம் உள்ளது வலது காதுக்கு.”

மாட்டினார். இராஜம்மா பாட்டை ஓடவிட்டார். பக்கிரிசாமி இடது பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். வயரை அசைத்தார். முகம் மெல்ல வெளுத்தது.

“இடது பக்கம் ஒண்ணுமே கேக்கல.”

“கிரகத்தைத் தலைகீழா மாட்டினா எப்படிக் கேக்கும்?” என்றார் யோகி.

இராஜம்மா ஹெட்போனை வாங்கிப் பஞ்சு உறையை உரித்தார். உள்ளே மொச்சை அளவில் ஒரு சிவப்பு மைப்புள்ளி. சிம்மத்தை உரித்தார். அங்கேயும் சிவப்புப் புள்ளி.

“இந்தப் புள்ளி எங்க லைன்ல நாங்க வைக்கிறது. கழிச்சுப் போட்ட சரக்குன்னு அர்த்தம். இடது பக்கம் கத்தும், வலது பக்கம் முனகும். பழைய சாமான்காரன் லோரியில அள்ளிட்டுப் போனான். அண்ணே, உங்க காது சரியாகல. ஹெட்போன் கெட்டுப்போயிருக்கு, அவ்வளவுதான்.”

பக்கிரிசாமி நின்றுகொண்டே இருந்தார். “நாலு மாசம்...” என்றார். வீரம்மா அவர் சட்டைப் பையிலிருந்து மருத்துவமனை அட்டையை எடுத்துத் தேதி தெரியும்படி திருப்பி வைத்தார்.

யோகி மதிய பூஜை என்று கதவை இறக்கப் போனார். வாங்கியவர்கள் கதவுக்கு அடியில் கால் வைத்தார்கள்.

“அப்ப நல்ல ஹெட்போன் எப்படித்தான் பார்த்து வாங்குறது, அக்கா?” என்று வக்கீல் இராஜம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

“உங்களுக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச பாட்டைக் கொண்டு போங்க சார். தவில் புடிக்கும்னா தவில், குரல் புடிக்கும்னா குரல். எல்லாத்தையும் ஒரே சத்தத்துல வச்சுக் கேளுங்க. அரை மணி நேரம் காது வலிக்குதான்னு பாருங்க. திருப்பி மாட்டியும் பாருங்க. புடிச்சா வாங்குங்க.”

“அவ்வளவுதானா?” வக்கீலுக்கு ஏமாற்றம். இவ்வளவு சுலபமானதற்கு யார் வரிசையில் நிற்பார்கள்?

எலுமிச்சம்பழங்கள் அன்று வீணாகவில்லை. பக்கத்து ஒட்டுக்கடைக்காரர் வாங்கி ஜூஸ் போட்டார். மனிதனுக்கு இரண்டு காதுகள். அவற்றுக்கு நடுவே ஓர் உறுப்பு இருக்கிறது. அது ‘திறக்க’ நாற்பத்தெட்டு நாள் தேவையில்லை. ஒரு துண்டும் மூன்று நிமிடமும் போதும்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்க்கிழமை காலை பக்கிரிசாமி மருத்துவமனைக்குப் போனார். இடது காதிலிருந்து பட்டாணி அளவு குறும்பி எடுக்கப்பட்டது. பத்து நிமிடம் ஆனது. கட்டணம் ஒரு ரிங்கிட். திரும்பும் வழியில், சாலை ஓரத்தில், இடது பக்கம் வந்த மினி பஸ்ஸின் ஹாரன் கேட்டு அவர் நின்றார். பஸ் போனது.