அரக்கோணத்தின் மேல் நின்ற அத்தை

பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பெண் பதில் சொல்லக் கூடாது. பெண்ணின் அப்பா சொல்லலாம், அக்கா சொல்லலாம், காபி டம்ளர் இரவல் கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாள்கூடச் சொல்லலாம். பெண் தலையைக் குனிந்துகொண்டு, பேர் கேட்டால் பேரைச் சொன்னால் போதும். நானோ பள்ளிக்கூடத்து டீச்சர். யார் எதைக் கேட்டாலும் சாக்பீஸை எடுத்துக்கொண்டு விளக்கக் கிளம்பிவிடுவேன். (நாலாங் கிளாஸ் பிள்ளைகளோடேயே பேசிகினு இருந்தா அப்படித்தான் ஆகும்.)

யுத்தம் முடிந்து கொஞ்ச காலம் ஆகியிருந்த சமயம். மதராஸில் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டுத் திருத்தணியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டிரெயினிங்கில் பாடம் எவ்வளவு படித்தேனோ தெரியாது, மின்சார ரயிலில் ஏறி இறங்கியதுதான் அதிகம். சைதாப்பேட்டையில் ஏறினால் ஒரு பக்கம் பீச், இன்னொரு பக்கம் தாம்பரம். புகை கிடையாது, கரி கிடையாது, கண்ணில் தூசி விழாது. ஒன்றை விட்டால் பின்னாலேயே அடுத்தது வரும். வேலையே இல்லாமல் தாம்பரம் வரைக்கும் போய், பிளாட்பாரத்தில் ஒரு சோடா குடித்துவிட்டு அதே வண்டியில் திரும்பி வந்திருக்கிறேன். திருத்தணிக்குத் திரும்பும்போது மட்டும் கரி வண்டி. வெள்ளைப் புடவையில் ஏறி, சாம்பல் நிறப் புடவையில் இறங்குவேன்.

வீட்டில் நானும் என் அப்பா நைனாவும்தான். அம்மா தவறி வெகு காலம் ஆகியிருந்தது. நைனா ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஊரில் பாதிப் பேருடைய வயிற்றுவலி அவருக்கு மனப்பாடம். தான் எப்போது சாப்பிட்டோம் என்பது மட்டும் நினைவிருக்காது. அவரை விட்டுவிட்டு நான் எங்கே போவது? பள்ளிக்கூடத்தையும் விட மனசில்லை. வந்த வரன்களெல்லாம் இதைக் கேட்டதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். இனிமேல் வருகிறவர்களிடமாவது இதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று நைனா என்னிடம் கெஞ்சாத குறையாகச் சொல்லி வைத்திருந்தார்.

அப்போதுதான் பாவா அந்தச் சேதியைக் கொண்டுவந்தார். பாவா என்றால் என் அக்கா மேரியின் புருஷன், சாமுவேல். ஆர்.கே.பேட்டையில் தறி வைத்திருந்தார். மதராஸுக்குத் துண்டு மூட்டை கொண்டுபோய்விட்டு, மூட்டைக்குப் பதிலாகச் சேதி கொண்டுவருவார். பீச்–தாம்பரம் மின்சார ரயிலை நாலா பக்கமும் நீட்டப் போகிறார்களாம், நம் பக்கமும் வருமாம் என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ரயில் மட்டும் வந்துவிட்டால் காலையில் பள்ளிக்கூடம், சாயங்காலம் மதராஸில் புருஷன் வீடு, நடுவில் நைனாவுக்குச் சோறு. என் வாழ்க்கைக் கணக்கு முழுதும் அந்த ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

புரசைவாக்கத்திலிருந்து வரன் வந்தது. அன்றைக்கு மேரி அக்காவும் பாவாவும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ஞானராஜ், பெரம்பூரில் ரயில்வே ஆபீஸ் ஒன்றில் கிளார்க். அவருடைய அப்பா தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த விலாசத்தையும் நேரில் போய்ப் பார்த்தால்தான் நம்புவார். கூடவே அவருடைய தங்கை, சாரா அத்தை. அத்தை வரும்போதே ஒரு கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்ததில் திருவாலங்காடு தாண்டும்போது கரித்தூள் விழுந்துவிட்டதாம். நைனா உடனே மாமனார் வேஷத்தைக் கலைத்துவிட்டுக் கம்பவுண்டர் ஆனார். கண்ணைக் கழுவி, சொட்டு மருந்து விட்டு, பஞ்சு வைத்துக் கட்டினார். அத்தை மிச்சமிருந்த கண்ணால் என்னைப் பார்த்தாள்.

மாப்பிள்ளையின் அப்பாவான பெரியவர் ஜெபம் பண்ணினார். நீளமான ஜெபம். முடிந்ததும் அத்தை, இந்த ஊரில் பெண் எடுத்தால் வருஷத்துக்கு ஒரு கண் போய்விடும் போலிருக்கிறதே என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நைனாவும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு உள்ளே போயிருக்க வேண்டும்.

"அதுக்குக் கவலையே படாதீங்க அத்தை. நம்ம ஊருக்கு மின்சார ரயில் வரப்போவுது" என்றேன்.

பெரியவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அப்படியா, எந்த வழியாக என்று கேட்டார். எந்த வழியாக என்று ஒரு டீச்சரைக் கேட்கலாமா? ஜன்னல் மேட்டில் சாக்பீஸ் இருந்தது. அடுத்த நிமிஷம் நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். சிமெண்டுத் தரை, கரும்பலகையைவிட நன்றாக எழுதியது. பீச் ஸ்டேஷனை நாற்காலிக் காலடியில் போட்டேன். அங்கிருந்து ஒரு கோடு இழுத்து வியாசர்பாடி, பெரம்பூர், ஆவடி, திருவள்ளூர் என்று வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டே வந்தேன். பாவா வாசல் பக்கமிருந்து தொண்டையைக் கனைத்தார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கோடு ஓர் இடத்தில் தடைப்பட்டது.

"அத்தை, கொஞ்சம் காலை எடுங்க. அரக்கோணத்து மேல நிக்கிறீங்க."

அத்தை காலை எடுத்தாள். (ஒரு கண்ணு கட்டியிருந்ததாலே, பாவம், அரக்கோணம் எதுன்னு தெரியாம திருத்தணி வர வேண்டிய இடத்துலே வெச்சிட்டாங்க. மறுபடியும் எடுக்கச் சொன்னேன்.)

திருத்தணியோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. மலையடிவாரத்தில் ஒரு ஸ்டேஷன் போட்டேன், கிருத்திகைக் கூட்டத்துக்காக. கே.ஜி.கண்டிகையில் ஒன்று. மேரி அக்கா வந்துபோக வசதியாக ஆர்.கே.பேட்டைக்கு ஒரு கிளை. பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி. இங்கேயே இருந்து பள்ளிக்கூட வேலையைப் பார்த்துக்கொண்டு, நைனாவையும் கவனித்துக்கொண்டு, புரசைவாக்கத்தில் குடும்பமும் நடத்தலாம் என்று முடித்தபோது கோடு வாசற்படியைத் தொட்டிருந்தது. நைனா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை ஜெபம் அவருடையது.

பெரியவர் மகனிடம் திரும்பினார். "நீ ரயில்வேயிலதானே வேலை பார்க்கிற. உனக்கு இந்தச் சேதி தெரியாதா?"

அதுவரைக்கும் ஞானராஜ் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தரையில் இருந்த என் ரயில் பாதையைச் சாவதானமாகப் பார்த்துவிட்டு, "நம்ம ஆபீசுக்கு எந்தச் சேதியும் லேட்டாதான்ப்பா வரும்" என்றார்.

பெரியவருக்கு அது போதவில்லை. எப்படியும் சாயங்கால வண்டிக்குப் போக வேண்டும், கொஞ்சம் முன்னாலேயே போய் ஸ்டேஷன் மாஸ்டரையே கேட்டுவிடலாம், எல்லோரும் வாருங்கள் என்று எழுந்துவிட்டார்.

ஆகவே ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பெரியவர், அவருக்குப் பின்னால் கண்கட்டோடு அத்தையும் அவளைப் பிடித்துக்கொண்டு மேரி அக்காவும், நடுவில் நைனாவும் ஞானராஜும், கடைசியில் நானும் பாவாவும். கடைத்தெருவில் நைனாவின் பேஷண்டுகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லி, எங்கே கும்பலாகப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். மின்சார ரயிலைப் பற்றி விசாரிக்க என்று பெரியவரே எல்லோருக்கும் பதில் சொன்னார். இரண்டு பேர் கூடவே வந்துவிட்டார்கள்.

பாவாவின் முகம் வேர்த்திருந்தது. யார் சொன்ன சேதி பாவா என்று மெதுவாகக் கேட்டேன்.

"சவுகார்பேட்டையில முடி வெட்டிக்கச் சொல்லோ, பக்கத்துல ஒருத்தர் பேசிகினு இருந்தாரு."

"வருதுன்னாரா?"

"வந்தா நல்லா இருக்கும்னாரு" என்றார் பாவா.

என் கால் இரண்டும் நின்றுவிட்டன. பாவா கையைப் பிடித்து இழுக்காமலிருந்தால் இன்றைக்கும் அந்தக் கடைத்தெருவிலேயே நின்றுகொண்டிருப்பேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் எங்கள் ஊரில் வெகு காலம் இருந்த தெலுங்குக்காரர், கடுகடுப்பான மனுஷர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விளக்குகளை வரிசையாக வைத்துத் திரி வெட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் கேள்வியைக் கேட்டார். மாஸ்டர் இன்னொரு தரம் கேட்கச் சொன்னார். பெரியவர் மலையடிவார ஸ்டேஷனையும் சேர்த்துக் கேட்டார்.

"மின்சாரமா?" என்றார் மாஸ்டர். "ஐயா, இந்த ஸ்டேஷன்ல நான் இன்னும் கிருஷ்ணாயில் விளக்குதான் கொளுத்திகினு இருக்கேன்."

கூட வந்த இரண்டு பேர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். பெரியவர் என்னைப் பார்த்தார். மேரி அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நைனா எடை போடும் மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என் மானத்தைக் காப்பாற்ற மின்சார ரயில் வேண்டாம், ஒரு கரி வண்டி வந்து புகையால் என்னை மூடினால் போதும் என்றிருந்தது. அதுவும் லேட்.

பெரியவர் கோபக்காரர் இல்லை. ஆனாலும் வருத்தத்தோடு, படித்த பெண், டீச்சர், இல்லாத ஒன்றை இவ்வளவு விவரமாகச் சொல்லலாமா என்று கேட்டார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பெண் பார்க்கும் விதிப்படி தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

பேசியது அத்தைதான்.

"இல்லாததைத்தான் சொல்லுச்சு. எதுக்காகச் சொல்லுச்சுன்னு பாருண்ணா. என் கண்ணுல மருந்து போட்டாரே, அந்த மனுஷனைத் தனியா விட்டுட்டு வர மனசு வரலை அதுக்கு."

ஞானராஜ் மாஸ்டரின் மேஜை அருகே போனார். விடியற்காலை பாசஞ்சர் எத்தனை மணிக்கு, பெரம்பூரில் நிற்குமா, இங்கிருந்து சீசன் டிக்கெட் கொடுப்பார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மாஸ்டர் மணியைச் சொல்லிவிட்டு, மற்றதுக்கெல்லாம் ஆங், ஆங் என்றார். பிறகு ஞானராஜ் அப்பாவிடம் வந்து, எனக்குக் கரி வண்டியே போதும்ப்பா, நானே இங்கே வந்து இருந்துகொண்டு வேலைக்குப் போய்வருகிறேன் என்றார். என் பக்கம் திரும்பாமலே, "அவங்க ஸ்கூலை விட வேணாம்" என்றும் சொன்னார்.

நைனா எடை மேடையிலிருந்து எழுந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ சொல்ல வந்து, கண்ணில் கரி எதுவும் விழவில்லையே தம்பி என்று கேட்டார். வண்டி வந்து அவர்கள் ஏறியபோது, அத்தையை ஜன்னலோரம் உட்காரவிடாமல் நடுவில் உட்கார வைத்தேன். அவளுக்கு என்னைப் பிடித்துப்போனது அதனால்தான் என்று பிற்பாடு சொன்னாள்.

கல்யாணம் ஆன பிறகு ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். தாம்பரம் ரயிலின் தண்டவாளம் குறுகியது, நம்முடையது அகலம். நான் தரையில் போட்ட கோட்டில் அந்த வண்டி வந்திருந்தால் வியாசர்பாடியிலேயே இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் இறங்கி உட்கார்ந்திருக்கும். முதல் வட்டம் போடும்போதே தெரியும் என்றார். ஏன் சொல்லவில்லை என்றேன். அரக்கோணம் எங்கே வருகிறது என்று பார்க்க ஆசையாக இருந்ததாம்.

கரி வண்டியிலேயே போய்க் கரி வண்டியிலேயே வந்தார். அவருடைய சட்டைகளைத் துவைத்துத் துவைத்து என் கை ரேகையே அழிந்துபோனது. நைனா தன் கடைசி நாள் வரை எங்களோடுதான் சாப்பிட்டார், வேளைக்குச் சாப்பிட்டார். மின்சார ரயில் நிஜமாகவே எங்கள் பக்கம் வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வந்தது.

ஊரில் எல்லோரும் யாராவது அளந்துவிட்டால் "ரீல் விடாதே" என்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அது "ரயில் விடாதே". என் பிள்ளைகள் அப்படிச் சொல்லியே வளர்ந்தார்கள். சின்னவன் பள்ளிக்கூடத்தில் சொல்லி, வாத்தியார் திருத்தி, ரயில்தான் சரி என்று அவரோடு வாதாடிவிட்டு வந்தான். இப்போது எங்கிருந்தோ வந்த மருமகள்கள்கூட என் எதிரிலேயே, காரணம் தெரியாமல், ரயில் விடாதே என்கிறார்கள்.

அவர் மட்டும் அதை ஒரு நாளும் சொன்னதில்லை. பிள்ளைகள் சொல்லிச் சிரிக்கும்போது பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "விட்டா இன்னா? நான் ஏறிக்கினேன் இல்ல?" என்பார்.