அலைக்குளத்தில் ஐந்து சொட்டு

சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்கு இயற்கை இழைத்த ஒரே அநீதி, கடலைக் கொடுக்காமல் விட்டது. பல கோடி ஆண்டுகளாக யாரும் தட்டிக் கேட்காத இந்த அநீதியை எழுபத்தைந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று தினமும் மாலை நான்கு மணிக்குச் சரியாகப் பத்து நிமிடம் சரிசெய்துவருகிறது. நாகரிகம் என்று நான் சொல்வது இதைத்தான்.

மேற்படி நாகரிகம், நெடுஞ்சாலையோரத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்கும் கரும்புக் காட்டுக்கும் நடுவே அமைந்திருக்கிறது. பெயர் "சப்தசாகரம் ஃபேமிலி ரிசார்ட் அண்ட் வாட்டர் பார்க்". கீழே, "குடும்பங்களின் உற்ற நண்பன்" என்று எழுதியிருந்தது. நண்பனைப் பார்க்க நானும் மனைவி ஸ்ரீதேவியும் மகள் நித்யஸ்ரீயும் ஒரு சனிக்கிழமை கிளம்பிப் போனோம். மகளுக்கு ஒன்பது வயது. அவள் வகுப்பில் அலையில் நனையாத ஒரே பிள்ளை அவள்தானாம். "வேற எதும் வேண்டாம்ப்பா, அந்த அலை மட்டும்" என்று ஒன்றரை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் நான் மேற்பார்வையாளன். நாற்பதாயிரம் முட்டைக்கோழிகள் என் பொறுப்பு. எந்தப் பொருளும் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ளாமல் விடமாட்டேன். தெரிந்ததைப் பிறருக்கு விளக்காமலும் விடமாட்டேன். இரண்டாவது குணத்தைப் பற்றி வீட்டில் புகார்கள் நிலுவையில் உள்ளன.

நுழைவாயிலிலேயே நெகிழ்ந்துபோனேன். எங்கள் பண்ணைக்கு யார் வந்தாலும், முதலாளியின் சம்பந்தியே வந்தாலும், வாசலில் இருக்கும் தொட்டியின் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். கோழிக்குக் கிருமி போகக்கூடாது. இங்கேயும் அதே மாதிரி ஒரு தொட்டி! பழக்கதோஷத்தில் காலை வைத்தேன். கரகரவென்றது. உள்ளே வெள்ளைக் கூழாங்கற்களும் ஒரு பிளாஸ்டிக் தாமரையும் இருந்தன.

"சார், சார், அது செல்ஃபி பாயின்ட்" என்று ஓடிவந்தார் காவலாளி. "கால வெக்காதீங்க, அழுக்காயிரும்."

காலிடமிருந்து தொட்டியைப் பாதுகாக்கும் ஏற்பாட்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். தொழில்நுட்பம் எவ்வளவோ முன்னேறிவிட்டது.

அலைக்குளம் பின்பக்கம் இருந்தது. ஒரு கோடியில் கரை, மறுகோடியில் உயரமான நீலச் சுவர். மணி மூன்று. மகளுக்கு விளக்கத் தொடங்கினேன்.

"சாமி, அந்தச் செவுத்துக்குப் பின்னால வரிசையாக் காத்தறை இருக்குது. டம்ளர்ல ஸ்ட்ரா வெச்சு ஊதறீல்ல, அந்த மாதிரி ஒரு மெஷின் அதுக்குள்ள காத்த ஊதும். காத்து தண்ணிய அமுக்கும். அமுக்குனாத் தண்ணி எங்க போகும்?"

"எங்க மேல வரும்!"

"ஆ! ஒரு அறை ஊதறப்ப அடுத்த அறை மூச்சு வாங்கும். மாத்தி மாத்தி..."

"ஏனுங்க, பள்ளிக்கூடம் லீவுன்னுதானுங்க வந்தோம்" என்றாள் ஸ்ரீதேவி.

அப்போதுதான் தண்ணீரைக் கவனித்தேன். குளத்தின் மேல் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக ஒரு மினுமினுப்பு வளைந்து வளைந்து மிதந்தது. பக்கத்தில், "வானவில் குளம்: எங்களிடம் மட்டுமே!" என்ற பலகை.

வானவில்லின் தயாரிப்பாளர்கள் கரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஓமலூரிலிருந்து வேனில் வந்திருந்த ஒரு பெரிய குடும்பம். அதில் மூத்தவரான சாலம்மாள், ஒவ்வொரு தலையாகப் பிடித்து நல்லெண்ணெயைத் தட்டி இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்கக்கா, இங்க வந்து எண்ண தேய்க்கறீங்க?"

"சனிக்கெழமைங்களே தம்பி. பொம்பளைங்களுக்கு வெள்ளிதான். லீவு கெடைக்கல, எல்லாத்துக்கும் சேத்து இன்னைக்கே வெச்சுக்கிட்டோம். எங்கூர்ல எட்டு நாளைக்கு ஒருக்காத்தான் கொழாயில தண்ணி வருது. அதுல சோறாக்கறதா, தலைக்கு ஊத்தறதா? இங்க பாருங்க, ஏரியாட்டம் நிக்குது."

"குளிச்சுட்டு எறங்கோணும்னு போர்டு இருக்குதுங்களே."

"அதப் படிச்சுட்டுத்தான் சீயக்காயோட ஷவருக்குப் போனோம். திருகுனாக் காத்துதான் வருது. மேல 'நீரைச் சேமிப்போம்'னு எழுதியிருக்குது. அப்புறம் அந்த விசிலடிக்கறவருதான், 'கொளத்துலயே போக்கிக்குங்கக்கா'ன்னாரு. தங்கமான மனுசன்."

சிலர் பையில் விபூதிப் பொட்டலம் வைத்திருப்பார்கள். நான் குளோரின் பார்க்கும் மருந்துப் புட்டி வைத்திருப்பேன். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து ஐந்து சொட்டு விட வேண்டும். கிருமியைக் கொல்லும் குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். இல்லையென்றால் அப்படியே நிற்கும். பண்ணையில் தினமும் காலையில் மஞ்சளைப் பார்த்த பிறகுதான் கோழிகளுக்கு வால்வைத் திறப்பேன்.

"மஞ்சளானா எறங்கலாம், சாமி" என்றேன் மகளிடம்.

ஐந்து சொட்டு விட்டேன். இருவரும் குழாயையே பார்த்தோம். தண்ணீர் எங்களைப் பார்த்தது. வேறொரு மூலையில் பிடித்துவந்து இன்னொரு முறை விட்டேன். ஒரு நிறமும் இல்லை.

"இன்னும் ரெண்டு சொட்டு உடுங்கப்பா" என்றாள் நித்யஸ்ரீ. "லேசா மஞ்சளாட்டம் தெரியுதில்ல? இந்தப் பக்கமா வந்து பாருங்க. கண்ணச் சுருக்கிட்டுப் பாருங்க."

கண்ணைச் சுருக்கினேன். மஞ்சள் இல்லை.

"அப்பா போயி ஆளுங்களக் கேட்டுட்டு வாரேன். குளோரின் போடச் சொல்றேன். நான் சரின்னு சொல்ற வரைக்கும் அம்மாகூடக் கரையிலயே இருக்கோணும், என்ன?"

அவள் தலையாட்டினாள். மணி மூன்றரை.

மேலாளர் இளவழகன் குளிரூட்டிய அறையில் டை கட்டி அமர்ந்திருந்தார். குழாயை அவர் மேசைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"எவ்ளோ தெளிவா இருக்கு பாருங்க சார்!"

"தெளிவா இருக்கக் கூடாதுங்க. மஞ்சளாகோணும்."

"தண்ணி மஞ்சளானா கஸ்டமர் தப்பா நெனைப்பாங்களே சார்."

"குளத்துத் தண்ணி மஞ்சளாகாதுங்க, இந்தக் குழாயில மட்டுந்தான். குளோரின் கலக்கற மெஷின் இருக்குதில்லீங்களா?"

"இருக்கு சார், ஜெர்மன் மெஷின். புதுசு மாதிரியே வெச்சிருக்கோம். ஆரம்பத்துல ஓட்டினோம். ஒருத்தர் 'மருந்து வாடை அடிக்குது'ன்னு ஆன்லைன்ல மூணு ஸ்டார் போட்டுட்டாரு. அன்னைக்கு நிறுத்தினதுதான். இப்ப மல்லிகை சென்ட் ஊத்தறோம். நாலரை ஸ்டார்!"

"மல்லிகைக்குக் கிருமி சாகாதுங்களே."

"கிருமி ஸ்டார் போடாதுல்ல சார்."

இப்படிப்பட்ட தெளிவான நிர்வாகச் சிந்தனையை எங்கள் பண்ணையின் மாதாந்திரக் கூட்டங்களில்கூட நான் கேட்டதில்லை. ஆனாலும் விடவில்லை. "இப்பவே மருந்து போட்டு, நல்லாக் கலந்த பொறகு அலைய உடுங்க. இல்லீன்னா நானே மைக்குல சொல்லிப்போடுவேன்" என்றேன்.

இளவழகன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு மனிதன் எந்த இடத்தில் இளகுவான் என்று கண்டுபிடிப்பதுதான் விருந்தோம்பல் துறையின் உயர்ந்த கலை.

"சார் ரொம்ப விஷயம் தெரிஞ்சவங்க" என்றார். "அலை மெஷின உள்ள போய்ப் பாத்திருக்கீங்களா?"

நான் லஞ்சம் வாங்காதவன் என்று பல வருடங்களாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்ததை இதுவரை யாரும் கொடுத்துப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"பாத்துட்டு வந்து மைக்குல சொல்லிக்கலாம் சார்" என்றார் அவர். நியாயமாகத்தான் பட்டது.

நீலச் சுவருக்குப் பின்னால் இருந்தது சொர்க்கம். ஒரே மோட்டாரில் சுழலும் நான்கு ராட்சதக் காற்று ஊதிகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஆள் நுழையும் அளவுக்குக் குழாய். குழாயில் வண்ணத்துப்பூச்சி இறக்கையைப் போலத் திறந்து மூடும் வால்வு. இயக்குபவரான சென்னிமலை, எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்தபடி எழுந்து நின்றார்.

"ஒண்ணும் மூணும் ஊதறப்ப ரெண்டும் நாலும் மூச்சு வாங்குமுங்களா?" என்றேன்.

சென்னிமலையின் முகம் மலர்ந்தது. "ஆறு வருசமா இங்கிருக்கறனுங்க. இப்படிக் கேட்ட மொத ஆளு நீங்கதானுங்க!"

அவர் காட்டினார், நான் கேட்டேன். நான் கேட்டேன், அவர் காட்டினார். அண்ணன் தம்பிபோல ஆகிவிட்டோம். பின்னால் இளவழகனின் குரல் மென்மையாகக் கேட்டது: "மணி நாலு சார். பச்சை பட்டன். இன்னைக்கு நீங்களே அமுக்குங்களேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். யாரும் என் கையைப் பிடித்து அமுக்கவில்லை.

சுவர் மூச்சை இழுத்தது. தரை அதிர்ந்தது. பார்ப்பதற்கென்று ஒரு சின்னக் கண்ணாடிச் சாளரம் இருந்தது; முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தேன். தண்ணீர் குன்றுபோல எழுந்து போயிற்று. நானூறு பேர் ஒரே குரலில் "ஓ" என்றார்கள். வானவில் நானூறு துண்டாக உடைந்து ஆளுக்கொன்றாக ஒட்டிக்கொண்டது. சாலம்மாள் சீயக்காய்த் தலையோடு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மேலே போனார், கீழே வந்தார், மறுபடி மேலே போனார். அப்படியொரு சந்தோஷத்தை எந்தக் கல்யாண வீட்டிலும் நான் பார்த்ததில்லை.

அவருக்கு முன்னால், முதல் வரிசையில், வாயை ஆவென்று திறந்து சிரித்தபடி அலையை விழுங்கிக்கொண்டிருந்தாள் நித்யஸ்ரீ.

கண்ணாடியைத் தட்டினேன்.

"கேக்காதுங்க, ரெட்டைக் கண்ணாடி" என்றார் சென்னிமலை.

"நிறுத்துங்க!"

"நடுவுல நிறுத்த முடியாதுங்க. டைமரு. பத்து நிமிசம் ஓடித்தான் நிக்கும்."

அந்தப் பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் பதறினேன். மீதி ஆறு நிமிடம் டைமர் எப்படி இயங்குகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது மகள் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். கண் இரண்டும் கோவைப்பழம்போலச் சிவந்திருந்தன. உடம்பெல்லாம் நல்லெண்ணெயும் மல்லிகையும் மணத்தன.

"நான் சொல்லச் சொல்லக் கேக்காம ஓடிட்டாளுங்க" என்றாள் ஸ்ரீதேவி.

"நான் என்ன சாமி சொன்னேன்? சரின்னு சொல்ற வரைக்கும் எறங்கக் கூடாதுன்னு சொன்னேனில்ல?"

"நீங்கதான் சொன்னீங்களேப்பா" என்றாள் அவள், ஒரு பெரிய ஏப்பத்துக்கு நடுவில். "செவுத்துக்குப் பின்னால போனீங்க, நான் பாத்தேன். அப்புறம் அலை வந்துச்சு. அப்ப மஞ்சளாயிருச்சுன்னுதானே அர்த்தம்? நீங்க பாக்காம உடமாட்டீங்கல்ல?"

எங்கள் பண்ணையில் நாற்பதாயிரம் கோழிகளும் இதே நம்பிக்கையோடுதான் தண்ணீரில் வாய் வைக்கின்றன. பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட நான் அவற்றை ஏமாற்றியதில்லை. அங்கே ஒரு கோழி தும்மினாலும் முதலாளி என்னைக் கூப்பிட்டுக் காரணம் கேட்பார்.