பகலில் நட்சத்திரம் பார்க்கும் சேச்சி

பட்டப்பகலில் நட்சத்திரம் பார்க்கிற மனிதப் பிறவி உலகத்திலேயே ஒன்றுதான். அது மட்டாஞ்சேரியில் என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் வந்து பாருங்கள். கையில் கண்ணாடிச் சாமான் எதையும் மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள்.

மிளகு, மஞ்சள், மிளகாயைக் கப்பலேற்றும் முன் சோதித்துச் சொல்லும் சின்ன லேப் எங்களுடையது. சேச்சிதான் மூத்த கெமிஸ்ட். பக்கத்திலேயே, சுள்ளிக்கல்லில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. எங்களுக்கு அவர் நட்சத்திரம் சேச்சி. வடிகட்டும் பிளாஸ்க், அதாவது கண்ணாடிக் குடுவை, எங்காவது இடிபட்டால் கண்ணாடியில் நட்சத்திரம் மாதிரி ஒரு மெல்லிய கீறல் விழும். காற்றை உறிஞ்சும் பம்ப்பில் அதை மாட்டினால் நொறுங்கி வெடிக்கும். அதனால் சேச்சி ஒவ்வொரு பிளாஸ்கையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தேறியதற்குப் பழைய முண்டு வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டுவார். வெடித்தாலும் சில்லு தெறிக்காதாம்.

இது லேபோடு நின்றால் பரவாயில்லை. கீழே சாயாக்கடையிலும் கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பார்.

"சேட்டா, இதுல நட்சத்திரம். வேற தா."

"ஐயோ சேச்சி, அதுல காலையிலேர்ந்து ஊரே குடிச்சாச்சு!"

"அது அவங்க பாக்கியம்."

இப்போதெல்லாம் தூரத்தில் சேச்சி தலை தெரிந்ததுமே சேட்டன் எவர்சில்வர் டம்ளரை எடுத்து வைத்துவிடுகிறார்.

புனல் வாங்கப் போனால் அது தனிக் கூத்து. பிளாஸ்கின் வாயில் மாட்டும் எங்கள் புனலின் அடியில், கண்ணாடிப் பொடியை உருக்கிச் செய்த ஒரு வட்டத் தட்டு இருக்கும். அதன் துளைகளின் நுணுக்கத்துக்கு ஏற்ப நம்பர் உண்டு. "ஒண்ணாம் நம்பர்ல தூளும் சேர்ந்து இறங்கிடும். நாலாம் நம்பர்ல மஞ்சள் அடைச்சுக்கிட்டு உட்கார்ந்துக்கும். எனக்கு மூணு மதி, அது போதும், கேட்டோ?" என்பார். பிறகு கடையிலேயே தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றி, கடைசிச் சொட்டு இறங்கும்வரை நகரமாட்டார். கடைக்காரருக்கு அன்று வேறு வியாபாரம் நடக்காது.

எங்கள் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். தங்கமான மனுஷன், ஆனால் கை சும்மா இருக்காது. வந்த புதிதில், "நானே கழுவித் தர்றேன் மேடம்" என்று ஒரு புனலின் தட்டைக் கம்பி நாரால் பரபரவென்று தேய்த்துவிட்டார். வேலை முடிந்த கையோடு தலைகீழாகப் பிடித்துத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டிய சாமான் அது. நார் பட்டால் தட்டு போச்சு. சேச்சி மத்தியானம் சாப்பிடவில்லை. இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

சேச்சியும் தப்பே செய்யாதவர் இல்லை. ஒரு தடவை அவர் நட்சத்திரம் என்று ஒதுக்கிய பிளாஸ்கை மேனேஜர் நகத்தால் சுரண்டினார். நட்சத்திரம் கையோடு வந்துவிட்டது. அது மிளகாய்த் தோல்! நாங்கள் சிரித்த சிரிப்பில் மேனேஜருக்குத் தெம்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் சேச்சியின் எந்த நட்சத்திரத்தையும் அவர் நம்பவில்லை.

அப்படியிருக்க, ஒருநாள் அவசர மிளகு. கப்பல் காத்திருக்கிறது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு பிளாஸ்க். சேச்சி அதை ஜன்னலில் பிடித்தார். "இது வேண்டாம் சார். அடியில நட்சத்திரம்."

மேனேஜர் வாங்கிச் சுரண்டினார். ஒன்றும் வரவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியலைங்க. மேடம், இதையும் ஒதுக்கினீங்கன்னா நாளையிலிருந்து கோடவுன்ல போய் சாக்கு பாத்துக்கங்க. இந்த மேஜைக்கு வேற ஆள் போட்டுக்கறேன்."

அந்த மேஜையையும் ஜன்னலையும் பிடுங்கிவிட்டால் சேச்சி என்ன ஆவார்? "தலையாட்டிடுங்க சேச்சி" என்று காதில் கெஞ்சினேன்.

"போ மோளே. கோடவுனுக்கே போறேன். இதுல கை வைக்கமாட்டேன்."

மேனேஜரே புனலை மாட்டினார். முன்பு தேறியபோது சேச்சி சுற்றிய துணி பிளாஸ்கில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் எரிச்சல் வந்துவிட்டது. "இதுக்கு எதுக்குங்க கோமணம்?" என்று அவிழ்த்து எறிந்து, பம்ப்பைப் போட்டு, குனிந்து பார்த்தார்.

சேச்சி திட்டிக்கொண்டே அவரிடம் ஓடினார். ஓடும்போதே தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி பிளாஸ்கின் மேல் போட்டார். போட்டதுதான் தாமதம், 'டமார்!'

பம்ப் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தினேன். கோட்டுக்குள் கண்ணாடித் தூள். மேனேஜர் வெளுத்துப்போய் நின்றார்.

"புனல் போச்சா?" என்றார் சேச்சி முதலில்.

"போச்சு சேச்சி."

"சவம் போகட்டும்" என்றார். புனலை அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பிறகு மேனேஜரின் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். நெற்றி, கண், கன்னம் எல்லாவற்றையும் பிளாஸ்கைப் பார்ப்பது போலவே மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கீறல் இல்ல. போய் ஒரு சாயா குடிங்க சார்."

கோடவுன் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. மறுநாள் மேனேஜர் தன் வேட்டி ஒன்றைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கொண்டுவந்து, சேச்சியின் மேஜையில் வைத்தார்.

போன வாரம் நான் காய்ச்சலோடு வேலைக்குப் போயிருந்தேன். சேச்சி என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். அவர் பார்த்து முடிக்கும்வரை அசையாமல் நின்றேன்.