மயிலம் காவடியும் காபிப் பொடிச் செலவும்

திண்டிவனம்,
பங்குனி மாதக் கடைசி, 1961

விழுப்புரத்தில் சகல சௌபாக்கியங்களோடும் சற்றே மூட்டுவலியோடும் வீற்றிருக்கும் மச்சான் விருத்தாசலம் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் மாசிலாமணி மொட்டைத் தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் தங்கை வெள்ளையம்மாள் நலம். உங்கள் மருமகளான எங்கள் கைக்குழந்தை நலத்திலும் நலம்; கன்னம் இரண்டும் பன்னு மாதிரி உப்பியிருக்கின்றன. என் உள்ளங்கால்கள் மட்டும் நலமில்லை. அதன் காரணத்தை விளக்கவே இந்தக் கடிதம்.

நான் மயிலத்துக்குக் காவடி எடுத்த சேதி கேட்டு, நீங்கள் கண்ணில் நீர் தளும்ப, "எங்க மாப்பிள்ளை திருந்திட்டாரு" என்று விழுப்புரம் ஸ்டேஷனில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வருவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். சாமி கிடையாது என்று நான் பேசாத சலூன் இந்த ஊரில் கிடையாது. என் கல்யாணத்துக்கு ஐயர் வேண்டாம் என்று நான் சொன்னதையும், அந்தக் கோபத்தில் பந்தியில் எனக்கு மட்டும் பாயசம் போடாமல் நீங்கள் தாண்டிப் போனதையும் நாம் இருவருமே மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்டவன் காவடி எடுத்தது பக்தியால் அல்ல மச்சான். சிக்கனத்தால்.

கார்த்திகையில் வெள்ளையம்மாள் வாத்தியார் வேலையை விட்டவுடன் நீங்கள் ஒரு கடுதாசி போட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "மண்டியில தராசு புடிக்கிறவன் சம்பளத்துல மூணு வயிறு ரொம்பாது. பங்குனி வரைக்கும் பார்ப்பேன். முடியலைன்னா தாயையும் புள்ளையையும் நான் இட்டுக்கினு வந்துடுவேன். அவ மறுபடியும் பள்ளிக்கூடம் போவட்டும், கொழந்தைய என் வீட்ல பாத்துப்பாங்க" என்று. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. விடிவதற்கு முன் ரயிலேறி உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓடி, இருட்டிய பிறகு திரும்பி வருகிற தாயை, குழந்தை யாரோ என்று பார்த்து வீறிட்டதைக் கண்ணால் கண்டவன் நான். பகலெல்லாம் பால் குடிக்க மறுத்து அது மல்லாட்டைக் கடலைத் தோல் மாதிரி ஆகிவிட்டது. அதனால்தானே அவள் வேலையையே விட்டாள்? எத்தனையோ வருஷம் காத்திருந்து பிறந்ததை விழுப்புரத்துக்கு அனுப்பிவிட்டு நான் யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பது? தராசு முள்ளையா?

ஆகவே செலவைச் சுருக்குவது என்று தீர்மானம் ஆயிற்று. எதை எதைச் சுருக்குவது என்பதை வெள்ளையம்மாளே சொன்னாள். வாத்தியார் அல்லவா, பிரம்பு மட்டும்தான் கையில் இல்லை. முதலில் காபி போயிற்று, கேப்பைக் கூழ் வந்தது. "சுருட்டு எதுக்குங்க? பொகையாப் போற காசு." சுருட்டு போயிற்று. கறியும் மீனும் போயின. "செருப்பு தேயுது பாருங்க, மண்டி இன்னா சீமையிலயா இருக்குது?" என்றாள், செருப்பு பரணுக்குப் போயிற்று. விறகு மிச்சம் என்று விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளியல். சவரமும் முடிவெட்டும் அடியோடு நின்றன. படுக்கை விஷயம் கேளுங்கள்: "நீங்க கொறட்டை விட்டா கொழந்தை முழிச்சிக்கும், முழிச்சா பால், பால்னா காசு" என்று கணக்குப் போட்டு என் பாயை வாசல் அறைக்குக் கடத்திவிட்டாள். பெண்டாட்டியின் பக்கத்தில் படுப்பதற்கும் காசு செலவாகும் என்பது இத்தனை வயதுக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

இதெல்லாம் நாலு சுவருக்குள் இருந்திருந்தால் வம்பில்லை. எங்கள் வீட்டுக்கு வாடிக்கையாக வரும் நாவிதர் முருகையன் இருக்கிறாரே, அவர் ஒருநாள் பெட்டியோடு வந்தார். வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்றேன். மறுமுறை வந்தார், அப்போதும் அப்புறம் என்றேன். மூன்றாம் முறை என் தாடியைப் பார்த்தார், வெறுங்காலைப் பார்த்தார், மூலையில் தனியாகச் சுருட்டி வைத்த பாயைப் பார்த்தார். குரலை இறக்கி, "அண்ணே, வேண்டுதலுங்களா?" என்றார். சவரத்துக்குக் காசு இல்லையப்பா என்று சொல்ல வாய் வரவில்லை மச்சான். "ம்" என்றேன். அவ்வளவுதான். ஒரே ஒரு "ம்".

முருகையனிடம் ஒன்றைச் சொல்வதும் தண்டோரா போடுவதும் ஒன்றுதான்; தண்டோராவுக்குக் கூலி கொடுக்கவேண்டும், அது ஒன்றே வித்தியாசம். பொழுது சாய்வதற்குள் தெருவே வந்துவிட்டது. சாமி இல்லைன்னவன் தாடி வளத்துக்கினு வெறுங்கால்ல நடக்கறானாமே, கறி தொட மாட்டானாமே என்று ஒரே வியப்பு. பக்கத்து வீட்டு லூர்துமேரி, வெள்ளையம்மாள் வேலைக்குப் போன நாளில் பகலில் நம் குழந்தையைப் பார்த்துக்கொண்டவள், சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "அண்ணே, தாடியும் அதுவுமா எங்க கோயில் புனிதர் சிலை கணக்கா இருக்கீங்க. கொழந்தையைக் கையில குடுத்தா அப்படியே தூக்கி பீடத்துல வச்சிடலாம்" என்று சிரித்தாள். அவள் வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் வரும் கோழிக் குழம்பு வாசனையில் கூழைக் கரைத்துக் குடித்த என் மனோதிடத்துக்கு எந்தப் பீடமும் தகும்.

மண்டி முதலாளி கோதண்டபாணி காதுக்கும் விஷயம் போயிற்று. மனுஷன் ஓடி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். "யோவ் மாசிலாமணி! முன்னாடியே சொல்றதுக்கு இன்னாய்யா? வெரதத்துல இருக்கிறவன் கையில நம்ம தராசைக் குடுத்து வச்சிருக்கேனே! அந்தப் பாவம் வேற எங்கியும் போவாதுய்யா, நேரா மயிலத்துக்குப் போயி என் பேர்ல நிக்கும்!" எங்கள் தராசைப் பற்றி நான் எழுத்தில் எழுதுவது நன்றாயிருக்காது, ஒலக்கூர்ப் பக்கம் எந்தக் குடியானவரைக் கேட்டாலும் வாயாலேயே சொல்வார். அன்றைக்கே என்னைத் தராசிலிருந்து இறக்கிக் கல்லாப்பெட்டியில் உட்கார வைத்துவிட்டார். வெரதக்காரன் கல்லாவுல கை வைக்க மாட்டான் என்பது அவர் கணக்கு. கல்லாவில் இருந்த அவர் மைத்துனன் தராசுக்குப் போனான். "அவன் எப்படியும் நரகத்துக்குத்தான்யா போவப்போறான், ஒரு மூட்டை பாவம் கூட ஏறினா இன்னா கெட்டுப்போச்சு?" என்றார். கல்லாக்காரனுக்குச் சம்பளம் தராசுக்காரனைவிட நன்றாகவே அதிகம் மச்சான்! வெள்ளையம்மாளிடம் சொன்னபோது அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

ஆனால் அங்கேதான் சிக்கியது கழுத்து. பங்குனி உத்திரம் நெருங்க நெருங்க, "காவடி எப்ப கட்றீங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. "அலகு குத்திக்கிறீங்களா, நாக்குலயா கன்னத்துலயா?" என்று முருகையன் ஆசையாக விசாரித்தார். காவடி எடுக்காவிட்டால் கல்லா போகும். கல்லா போனால் மச்சான் வண்டியேறி வருவார். வந்தால் குழந்தை போகும். என் கொள்கையைத் தராசின் ஒரு தட்டிலும் குழந்தையை ஒரு தட்டிலும் வைத்துப் பார்த்தேன். அது எங்கள் மண்டித் தராசு அல்ல, நியாயமான தராசு. கொள்கை உயரே போய்க் கூரை முகட்டில் இடித்தது.

பால் காவடியோடு முடிந்ததே பெரிய நிம்மதி. மஞ்சள் வேட்டி முதலாளி உபயம், பால் தெருவார் உபயம், வெயில் இயற்கையின் உபயம். ரோட்டுத் தாரில் வெறுங்காலோடு நடந்து கூட்டேரிப்பட்டு முனைக்கு வந்தபோது, ஓர் அம்மாள் காலில் விழுந்து, "சாமி, எங்க ஆடு காணோம், கெடைக்குமா?" என்றாள். "கெடைக்கும் போம்மா" என்றேன். சாயங்காலம் கிடைத்துவிட்டதாம்; இப்போது அந்த ஊரில் என் பெயர் பெரிது. சாயங்காலம் ஆனால் ஆடு வீட்டுக்கு வரும் என்பதைச் சொல்ல நான் எதற்கு? ஆனால் ஒன்று. மலைப்படி ஏறி நிமிர்ந்தபோது வெள்ளையம்மாள் குழந்தையோடு நின்று பொலபொலவென்று அழுதுகொண்டிருந்தாள். என் கால் கொப்புளத்தைப் பார்த்து அழுகிறாள் என்றே நினைத்துக்கொண்டேன். பிறகு, கூடவே வந்திருந்த முருகையன், "தலைய ஆட்டாதீங்கண்ணே" என்று சொல்லிச் சொல்லி, நான் நிறுத்திய அத்தனை மாதச் சவரத்தையும் ஒரே மூச்சில் என் தலையில் எடுத்துக்கொண்டார். திரும்பும் வழியில் கூட்டேரிப்பட்டில் ஒரு காபி குடித்தேன் மச்சான். சொர்க்கத்தில்கூட அப்படி ஒரு காபி இருக்காது. சொர்க்கமே இல்லை என்பது வேறு விஷயம்.

ஆகையால் பங்குனியும் முடிந்தது, என் சிக்கனமும் ஜெயித்தது. கொஞ்சம் மூளையும் கொஞ்சம் கூழும் இருந்தால் ஊரையே நம்ப வைத்துக் குடும்பத்தை நடத்தலாம் என்று நிரூபித்துவிட்டேன். தாயும் பிள்ளையும் இங்கேயே இருப்பார்கள். அழைத்துப்போக வரவேண்டாம், விருந்தாளியாக வாருங்கள், காபி தருகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னதுகளுக்கு என் ஆசி (இப்போது அதற்கு மதிப்பு கூடியிருக்கிறது), உங்கள் மூட்டுக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
கல்லா மாசிலாமணி

பின்குறிப்பு: உறையை ஒட்டச் சொல்லி வெள்ளையம்மாளிடம் கொடுத்தேன். படித்தாள். இரண்டு எழுத்துப்பிழை திருத்தினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் உட்கார்ந்துவிட்டாள். "ஐப்பசியில நீங்க மல்லாட்டை புடிக்க ஒலக்கூர் போயி ரெண்டு நாள் தங்கிட்டீங்களே, அப்போ கொழந்தைக்கு ஜன்னி கண்டுடுச்சுங்க. லூர்துமேரிதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடிச்சு. நீங்க பயந்துடுவீங்கன்னு சளின்னு சொல்லிட்டோம். என்கூட ஓடியாந்த அண்ணன்தான் ஆஸ்பத்திரி வாசல்ல, மயிலத்துக்கு வேண்டிக்கோ, ஆனா நீ காவடி எடுத்தா அதுல இன்னா இருக்குது, சாமி இல்லைன்றானே அவன் எடுக்கட்டும்னு சொல்லிச்சு. சொன்னா நீங்க எடுப்பீங்களா? அதான் சிக்கனம்னு சொன்னேன்" என்றாள். சுருட்டு, செருப்பு, கறி, பச்சைத் தண்ணீர், தனிப் பாய் அத்தனையும் விரதமாம். உங்கள் கடுதாசியை எடுத்து மறுபடி படித்தேன். "பங்குனி வரைக்கும்." நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மிச்சம் பண்ணிய காசு எங்கேடி என்றேன். பால் கொடுக்கிறவள் கூழ் குடிக்கலாமா என்று லூர்துமேரி சொன்னாளாம். ஞாயிற்றுக்கிழமைக் கோழி அங்கே கொதித்தாலும் காசு நம்முடையதாம், தின்றது இவளாம்.

தூங்குகிற குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. சுவரில் காலண்டர் முருகன் சிரித்துக்கொண்டிருந்தார். அவரைச் சிரிக்கிற மாதிரிதானே எப்போதும் போடுவார்கள்.

இப்போதுதான் உள்ளே இருந்து குரல் வந்தது: "ஏங்க, நாளையிலேர்ந்து காபி வேணாம், பொடி வெல ஏறிப்போச்சு." பொடி விலை நிஜமாகவே ஏறியிருக்கிறதா, இல்லை ஆடிக் கிருத்திகைக்கு நீங்கள் ஏதாவது சொல்லி வைத்திருக்கிறீர்களா என்று உடனே ஒரு கார்டு போடுங்கள்.